சீப்பு இரண்டு, இஸ்திரிப்பெட்டி ஒன்று

1

வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடமும்:

கணவர் – ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மடக்கு மேசைக்குப் பின்னால். (தலைவரும் அவரே, செயலாளரும் அவரே.)
மனைவி – துணி தேய்க்கும் பலகையின் ஓரத்தில், ஒரு கால் தரையில்.
கணவரின் அக்கா – வீட்டிலுள்ள ஒரே மெத்தை நாற்காலியில்.
மனைவியின் தம்பி – தரையில், ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி.
காலி கேபினெட் ஒன்று – அறையின் நடுவில்.

இப்படித் தொடங்கும் ஒரு தாள் போன மாதம் என் கைக்கு வந்தது. எங்கள் தெருமுனை நகல் கடையில், குடிநீர்க் குழாய் பற்றிய என் பதினேழாவது நினைவூட்டுக் கடிதத்துக்கு நகல் எடுக்கப் போனேன். இயந்திரத்தின் மூடியைத் தூக்கினால், கண்ணாடியின்மேல் இது குப்புறக் கிடக்கிறது. யாரோ நகலை எடுத்துக்கொண்டு அசலை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யோக்கியன் என்றால் கடைக்காரரிடம் கொடுத்திருப்பான். நான் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்தக் கதை பிறந்த கதை அவ்வளவுதான். திருட்டில் பிறந்தது.

காரணம் அந்தக் கடைசி வரி. உள்ளே ஒன்றுமில்லாத ஒரு தகரப் பெட்டிக்கு வருகைப் பதிவு போட்டிருக்கும் மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஏதோ பட்டியல் இருந்தது. எனக்கு வேண்டியது முன்பக்கம்தான். பின்பக்கத்தை அன்று நான் படிக்கவில்லை.

2

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதினால் பத்து மதிப்பெண், கதை எழுதினால் ஐந்து. நான் அந்தப் பத்தையே நம்பிப் படித்துத் தேறியவன். ஆகவே தொடக்கத்தில் தடுமாறினேன். தடுமாறியதை மறைக்கவும் இல்லை:

‘வெளியே மழை சோவென்று’ [நீக்கம். மின்சாரச் சாமான் சம்பந்தப்பட்ட கதையில் ஈரம் கூடாது.]

‘மனிதன் என்பவனே பொருந்தாத உறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்ட ஒரு’ [ஒரு என்ன? இரண்டு நாள் யோசித்தேன். வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான்.]

‘அவள் பெயர்’ [தாளில் பெயர் இல்லை. உறவுமுறைதான் இருக்கிறது.]

கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினேன்.

பொருள்: ஒரு பெண்ணின் இடம் பறிபோகாமல் இருப்பது குறித்து.

இனி கதைக்குள் போகலாம்.

3

அந்த மனைவியைப் ‘பஞ்சு’ என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வெளியே மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். அந்த மூன்று பேரையும் அவள் நேரில் பார்த்ததே கிடையாது.

பஞ்சு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வாடிக்கையாளர் ஃபிரேமைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குள் போய் உட்காரும்படி லென்ஸைத் தேய்த்துக் கொடுப்பது இவள் வேலை. அது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் தம்பி வீட்டுக்குப் போய், அவனுடைய கம்ப்யூட்டரில் நாலு பேர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை ஆடுவாள். மூன்று பேர் முன்னால் ஓடிச் சுடுவார்கள். நாலாவது ஆள் பின்னாலேயே வந்து, அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கி உட்காரவைத்துக் கட்டுப்போட்டு மறுபடியும் ஓடவிட வேண்டும். அந்த நாலாவது ஆள் இவள். இவள் தூக்கிவிட்டு எழாதவன் கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். அணித்தலைவிக்குப் பெயர் கடப்பாரை. மற்ற இருவர் மிளகு, தூங்குமூஞ்சி.

தம்பியின் கம்ப்யூட்டர் ஒருநாள் புகைவிட்டு நின்றுபோயிற்று. ‘நமக்கே ஒன்று கட்டிக்கொள்ளலாமே’ என்று பஞ்சு கணவரிடம் சொன்னாள். அவரும் உடனே சரி என்றார். அது நடந்து பதினாலு மாதம். அணியில் அவள் இடத்தை மற்ற மூவரும் காலியாகவே வைத்திருந்தார்கள்.

கணவர் கருமி இல்லை. பெண் எதற்கு விளையாட வேண்டும் என்று கேட்கிறவரும் இல்லை. அவர் ஓர் அலுவலகத்தின் அனுப்புகைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் கடிதங்களைச் சரிபார்த்து ஒட்டி அனுப்பியவர். அவர் வாழ்க்கையில் சரிபார்க்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் மனைவியை அசத்த நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவந்தார். வீட்டில் அது நிற்கக்கூடிய ஒரே மூலையில் அதன் கதவு பாதிதான் திறக்கும். மீதிக்குச் சுவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதையும் பக்கவாட்டில்தான் உருவி எடுப்பார்கள். தர்பூசணியைக் கடையிலேயே தின்றுவிட்டு வருவார்கள். பஞ்சு ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் மனிதர் தேறியிருப்பார்.

ஆகவே இந்த முறை அவர் ஒரு விதி வைத்தார். எந்த உறுப்பு எந்த உறுப்போடு பொருந்தும் என்று இரண்டு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் ஒழிய எதையும் வாங்குவதில்லை. எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு என்ற பலகை, அதன் நடுவில் உட்காரும் ப்ராசசர், அதைக் குளிர்விக்கும் கூலர், நினைவுக்கு ரேம், படம் காட்ட கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் கொடுக்க பவர் சப்ளை என்று ஆறு இனம். ஆறுக்கும் ஆறு கோப்பு. ‘தங்கள் பலகை கீழ்க்கண்ட ப்ராசசரை ஏற்குமா என அன்புகூர்ந்து தெரிவிக்கவும்’ என்று எழுதுவார். பலகைக்காரர்கள் ப்ராசசர்காரர்களைக் கேட்கச் சொல்வார்கள். ப்ராசசர்காரர்கள் பலகைக்காரர்களைக் கேட்கச் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒருவழியாகத் தலையாட்டும்போது அந்தப் பலகையை உற்பத்தியிலிருந்தே எடுத்திருப்பார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

அப்போதுதான் கடப்பாரையின் தொலைபேசி வந்தது.

“பஞ்சு, போட்டி அறிவிச்சுட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணித் தபால்ல உன் படிவம் ஏறியாகணும். உன் கம்ப்யூட்டர்ல என்னென்ன இருக்கு, அது ஓடுதா இல்லையான்னு மையால எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.* இல்லேன்னா உன் இடத்துக்கு மிளகோட கொழுந்தன் வந்துருவார்.”

“அவருக்கு விழுந்தவங்களைத் தூக்கிவிடத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா அவர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு.”

பஞ்சு போனை வைத்துவிட்டுத் தேய்ப்பு இயந்திரத்தின் முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இருக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தாள். கடையில் பின்கட்டு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது. இந்த ஓர் இடத்தில்தான், ‘பஞ்சு எங்கே?’ என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

* கம்ப்யூட்டர் போட்டிக்குத் தபாலில் படிவமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது தபால். மின்னஞ்சல் வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன், கதை மூன்றாவது பக்கத்தில் முடிந்துவிட்டது.

4

விஷயத்தைக் கேட்டதும் கணவர் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டார். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நாத்தனார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. உறுப்புகளையெல்லாம் உள்ளே அடக்கும் அந்தக் கேபினெட் அவர் கொடுத்த பரிசு.

“முதல்ல ஷெட்டு, அப்புறம்தான் வண்டி. ஷெட்டு கொடுத்தாச்சு. வண்டி எங்கடா?” என்று தொடங்கினார்.

“வண்டி ஆறு கோப்பா இருக்கு அக்கா,” என்றார் கணவர்.

[இங்கே தம்பியைப் பற்றி ஒரு சந்தேகம். லிஃப்ட் பழுதுபார்க்கிற ஆள். கதைக்கு வேண்டுமா? ஒருமுறை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் தனியாக நின்றது, பார்க்கப் பாவமாக இருந்தது. திரும்பச் சாய்த்து வைத்துவிட்டேன்.]

“மாமா, இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு,” என்றான் தம்பி. “எதுல நிக்குது?”

“கிராபிக்ஸ் கார்டு இருபத்தெட்டு சென்டிமீட்டர் நீளம். அது இந்தக் கேபினெட்டுக்குள்ள போய் உக்காரும்னு எழுத்துல தர ஒருத்தனும் இல்ல.”

“போகலேன்னா முன்தகட்டை ரம்பம் வச்சு அறுத்துருவோம்.”

“செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்றியா மச்சான்?”

“இல்ல மாமா. காலுக்காகச் செருப்பை.”

பஞ்சு வாயைத் திறந்தாள். “நான் என்ன சொல்றேன்னா, நேரா கடைக்குப் போயி…”

“நீ இரும்மா,” என்றார் கணவர். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. “ஒத்திகை பாத்துருவோம்! எல்லா உறுப்புக்கும் அளவு எங்கிட்ட இருக்கு. அதே அளவுல வீட்ல இருக்கிற சாமானை உள்ள வச்சுப் பாத்துட்டா, கண்ணால கண்ட சாட்சி ஆயிடும். நாலு பேரும் கையெழுத்துப் போட்டா அதுவே எழுத்துமூலம்.”

யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு யாருக்கும் அது புரியவில்லை.

மதர்போர்டின் அளவுக்குக் காய் நறுக்கும் பலகை. அதன் நடுவில் ப்ராசசராக ஒரு சதுர பிஸ்கட். பிஸ்கட்டின் தலையில் கூலராகக் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர். ரேமுக்கு இரண்டு சீப்பு, பற்கள் கீழே பார்க்க. இருபத்தெட்டு சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோ கனமும் உள்ள ஒரே சாமான் இஸ்திரிப்பெட்டி. ஆகவே அது கிராபிக்ஸ் கார்டு. பவர் சப்ளை கணவரின் டிபன் பாக்ஸ். ஒவ்வொன்றையும் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறக்கினான். கணவர் அளவுகோலை நீட்டி நீட்டி எண்களைச் சொன்னார். பஞ்சு எழுதிக்கொண்டாள்.

டம்ளரை வைக்கும் கட்டம் வந்தபோது அதன் கீழே ஒன்றும் இல்லை.

“ப்ராசசர் எங்க?” என்றார் கணவர்.

நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டார். “நீங்க மணிக்கணக்கா பேசிட்டே இருப்பீங்க, எனக்குப் பசிக்காதா?”

“அக்கா, அது ப்ராசசர்!”

“நமத்துப் போயிருந்துச்சுடா. வேற நல்லதா வாங்கு.”

நடவடிக்கைக் குறிப்பில் இது இப்படிப் பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன்: ‘11.20 மணிக்கு ப்ராசசர் உண்ணப்பட்டது. மாற்று வைக்கப்பட்டது.’

மூடியைச் சாத்தினார்கள். இஸ்திரிப்பெட்டிக்கும் முன்தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் மிச்சம். டம்ளர் மூடியில் இடிக்கவில்லை. கணவர் கேபினெட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தார். பஞ்சு அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால்தான் தீர்மானத்தை அவர் எழுதும்போது எட்டிப் பார்த்தவள், மெதுவாகக் கேட்டாள்:

“என்னங்க, சீப்பு இரண்டுன்னே எழுதிருக்கீங்க?”

“நாம பாத்தது சீப்புதானம்மா. ரேமைப் பாத்தேன்னு எழுதினா பொய்ப்பதிவு. எதுக்கு எது பதிலின்னு முதல் தாளோட பின்பக்கத்துல கட்டம் போட்டு எழுதியாச்சு. ரெண்டையும் சேத்து அனுப்பிட்டா கடைக்காரருக்குப் புரிஞ்சிரும். தீர்மானத்துல ஒரு எழுத்தை மாத்த நமக்கு அதிகாரம் இல்ல.”

நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாத்தனார் கேபினெட்டுக்காகவும் போட்டார்.

5

பார்சல் வியாழக்கிழமை வந்தது.

பதறாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். காய் நறுக்கும் பலகை ஒன்று, புத்தம் புதிது. சதுர பிஸ்கட் ஒன்று, பஞ்சில் பொதிந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று. சீப்பு இரண்டு. இஸ்திரிப்பெட்டி ஒன்று. டிபன் பாக்ஸ் ஒன்று. அதன்மேல் முத்திரை குத்திய ஒரு கடிதம்:

‘தங்கள் ஆணையில் கண்ட ஆறு இனங்களும் இத்துடன் அனுப்பப்பட்டுள்ளன. இவை அனைத்தும் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தும் என இதனால் சான்றளிக்கிறோம்.’

கணவர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

“பதினாலு மாசம்,” என்றார். “பதினாலு மாசத்துல முதல்தடவையா ஒருத்தன் எழுத்துல தந்திருக்கான். முத்திரையோட.”

“என்னங்க,” என்றாள் பஞ்சு, “இது டம்ளர்.”

“பொருந்துற டம்ளர்.”

“இதை வச்சு நான் எப்படி விளையாடறது?”

கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பதற்கு ஓட்டை போடும் கருவியை எடுத்த கணவர், அதை அமுக்காமலே பிடித்துக்கொண்டு நின்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனார் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “நல்ல கனம். இதை மட்டும் திருப்பி அனுப்பாதே.”

6

வாசகர்களே, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். கடை எப்படி இவ்வளவு மடத்தனமாக நடந்துகொள்ளும்? அந்தப் பின்பக்கக் கட்டம் கூடப் போயிருக்க வேண்டுமே? பாத்திரத்தில் கோளாறா, கடையில் கோளாறா என்று தெரிந்துகொள்ள, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துத் திருப்பினேன்.

பதிலி: சீப்பு. அசல்: ரேம்.
பதிலி: டம்ளர். அசல்: கூலர்.
பதிலி: இஸ்திரிப்பெட்டி. அசல்:

மிச்சத்தைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. மனிதர் நகல் எடுக்க வந்து, மறந்து விட்டுப் போன முதல் தாள் இதுதான். முன்பக்கத்தின் நகலோடு தீர்மானம் மட்டும் கடைக்குப் போயிருக்கிறது. விளக்கம் இத்தனை நாளாக என் சட்டையோடு சலவைக்குப் போய் வந்திருக்கிறது. கதை வேண்டும் என்று நான் தூக்கிவந்தது, அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரை.

ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மூன்று வழிகள் இருந்தன. கதையை அழிப்பது. பார்சலை மாற்றி எழுதுவது. தாளைத் திருப்பிக் கொடுப்பது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதைச் செய்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கதவின் அடியில் தாளைத் தள்ளிவிட்டு, நாலு கால் பாய்ச்சலில் திரும்பிவிட்டேன்.

ஒரு பயனும் இல்லை. கணவர் அதன் தலையில் ‘காலங்கடந்து பெறப்பட்டது, நடவடிக்கை இல்லை’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

7

வெள்ளிக்கிழமை பஞ்சு கடைக்கு விடுப்புச் சொன்னாள். புது டம்ளர், சீப்பு, இஸ்திரிப்பெட்டி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் நறுக்கும் பலகையோடு சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டாள். கேபினெட்டைத் தம்பியின் தலையில் ஏற்றினாள். பிஸ்கட்டை மறக்காமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

“எங்கம்மா போறே?” என்றார் கணவர்.

“எங்க கடையில பொருந்துமான்னு யாரையும் எழுதிக் கேக்க மாட்டோங்க. பொருந்துற வரைக்கும் தேய்ப்போம்.”

அவர் ‘தீர்மானம்’ என்று தொடங்கினார். [வாக்கியத்தை நான் விட்டுவிடவில்லை. அவரே விட்டுவிட்டார்.]

உதிரிபாகங்கள் விற்கும் தெருவில், எந்தக் கடையில் கூட்டம் குறைவோ அதில் ஏறினாள். டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இந்த உயரத்துல கூலர். இதுக்கு மேல ஒரு நூல்கூடப் போகக் கூடாது.”

கடைக்காரர் டம்ளரைப் பார்த்தார். டம்ளருக்குப் பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி வந்தது. சீப்புகள் வந்தன. கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்தது.

“அம்மா, இது பிஸ்கட்.”

“தெரியும். கை வைக்காதீங்க. ஏற்கனவே ஒண்ணு போயிடுச்சு.”

அடுத்த இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் வேறு வியாபாரம் நடக்கவில்லை. ஒரு பலகையை எடுத்து வைக்கச் சொல்வாள், கேபினெட்டுக்குள் இறக்கிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், அடுத்ததை எடுக்கச் சொல்வாள். முகத்துக்கு ஃபிரேம் மாட்டிப் பார்ப்பதுபோல. ப்ராசசர் வந்ததும் பையிலிருந்து தன் உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள். பலகையின் குழிக்குள் நிற்கிற ஊசிகளையும் ப்ராசசரின் அடியில் இருக்கிற பொட்டுகளையும் வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கினாள். நூறு ஆகும்போதெல்லாம் தம்பி ஒரு தீக்குச்சியை ஒதுக்கி வைத்தான்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “எது எதுக்குச் சேரும்னு அட்டைப்பெட்டி மேலயே போட்டிருக்கும்மா!”

“எழுதினதை நம்பித்தாங்க எங்க வீட்ல பதினாலு மாசம் போச்சு. தம்பி, எத்தனை குச்சி?”

“பதினேழு அக்கா. அந்தப் பக்கமும் பதினேழுதான்.”

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அது அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் தங்கள் பட்டியல்களை மடித்து வைத்துவிட்டு, ‘அம்மா, இதையும் கொஞ்சம் வச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்’ என்று அவளிடம் ஆளுக்கொரு பலகையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

8

வீடு திரும்பும்போது மணி இரண்டரை. பஞ்சு மடக்கு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பினாள். ஒரு பக்கம் அசல்கள், இன்னொரு பக்கம் பதிலிகள். அறைக்குள் அவளும் தம்பியும் மட்டும். நாத்தனாரைச் சமையலறைக்கு அனுப்பினாள். கணவரை வெளியே நிற்கச் சொன்னாள். தாழ்ப்பாளைப் போடப் போனவள், கதவிடுக்கில் என்னைப் பார்த்துவிட்டாள்.

“நீங்களும் வெளிய இருங்க.”

ஆகவே நானும் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கணவர் மேல்படியில் இருந்தார், நான் கீழ்ப்படியில்.

“நீங்க யாருங்க?” என்றார் அவர்.

“எதிர்வீடுங்க.”

“வருகைப் பதிவுல உங்க பேர் இல்லையே.”

“இல்லீங்க. நான் எழுதிட்டு இருக்கேன்.”

“எழுதினதை நகல் எடுத்து வச்சுக்கோங்க,” என்றார் அவர். பிறகு, “அசலை மறந்துராதீங்க,” என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை.

“அவ என்கிட்ட எதுவும் கேட்டதே இல்லீங்க,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. “இது ஒண்ணுதான் கேட்டா. தப்பாயிடக் கூடாதுன்னு பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

மூன்றே கால். உள்ளே திருகு முறுக்கும் சத்தம். மூன்றரை. தம்பியின் குரல், “அக்கா, அழுத்தவா?” பிறகு ஒரு முனகல் தொடங்கி, நிற்காமல் கேட்டது. இனி உள்ளே நடந்தது இதில் ஏதோ ஒன்று:

(அ) விசிறிகள் சுழன்றன, திரையில் வெளிச்சம் வந்தது, பஞ்சு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

(ஆ) ஒன்றும் வரவில்லை. லிஃப்டைத் தட்டுவதுபோலத் தம்பி பக்கத்தில் ஒரு தட்டு தட்டினான். முனகியது மூலையில் நின்ற ஃபிரிட்ஜ்.

(இ) அவசரத்தில் அசலும் பதிலியும் மாறிப்போய், கார்டு இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. இருந்தாலும் ஓடியது. ஏன் என்று அவர்கள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

எனக்கு (இ) பிடித்திருக்கிறது. பிடித்தது என்பதற்காக எழுதிவிட முடியாது. கதவு சாத்தியிருந்தது.

மூன்று நாற்பத்தாறுக்குக் கதவு திறந்தது. பஞ்சு படிவத்தை மூன்றாக மடித்து எடுத்துவந்தாள். ஆறு வரிகளில் ஆறு உறுப்புகள், அதன் கீழே ‘இயங்குகிறதா? ஆம் / இல்லை’ என்று இரண்டு கட்டங்கள், அதற்கும் கீழே கையெழுத்து. எல்லாம் மடிப்புக்குள் இருந்தன. அவள் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

கணவர் உறையும் பசையும் அனுப்புகைப் பதிவேடும் மடியிலேயே வைத்திருந்தார். படிவத்தை வாங்கியதும் கை பழக்கத்தில் மடிப்பைப் பிரிக்கப் போயிற்று. அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

“படிக்காம ஒட்டுங்க.”

“எழுத்துப்பிழை இருந்தா?”

“இருக்கட்டும்.”

“எதாவது விட்டுப்போயிருந்தா?”

“நான்தானேங்க பொருத்துனேன்.”

பதிவேட்டில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தோரு வருடமாக அதில் விழுந்தது ஒரே கையெழுத்து. அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்க மறந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

டிக் எந்தக் கட்டத்தில் என்று நான் கேட்டிருக்கலாம். பஞ்சு எனக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். கேட்கவில்லை. அவள் கணவரே கேட்காதபோது நான் யார்? நீங்கள் உங்களுக்குத் தோன்றியதில் போட்டுக்கொள்ளுங்கள். மையால் போடுங்கள், படிவத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

மணி மூன்று ஐம்பத்தொன்று. தெருமுனையில் தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைச் சாக்குக்குள் சரித்துக்கொண்டிருந்தார். கணவர் உறையின் ஓரத்தில் பசையைத் தடவி, மடித்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கட்டைவிரலால் அழுத்திவிட்டு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உறையைச் சாக்கின் வாய்க்குள் போட்டார். தபால்காரர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.